இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள்

அன்பு மகள் இசக்கிச்செல்விக்கு அம்மா எழுதுவது. கழுகுமலையான் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீ அந்த மணல்காட்டில் நேரத்துக்குச் சாப்பிட்டு, தேள் பூரான் இருக்கிறதா என்று பாயை உதறிப் படுத்து, நோய்நொடி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். உன்னோடு வேலை பார்க்கிற பெண் லீவு முடிந்து சென்னையிலிருந்து கிளம்புகிறாள் என்று சொன்னாயே, அவள் கையில் இந்தக் கடிதத்தையும் இட்லிப் பொடியையும் கருப்பட்டி மிட்டாயையும் கொடுத்து விடுகிறேன். கடம்பூர் போளிதான் அப்பாவுக்கு வாங்க ஆசை, உன் கைக்கு வந்து சேருவதற்குள் கெட்டுப் போகும் என்று நான்தான் வேண்டாம் என்றேன்.

இந்த வருடம் மழை புரட்டாசியில் ஏமாற்றிவிட்டு ஐப்பசியில் கொட்டியது, முதலில் விதைத்த உளுந்து கரிசலுக்குள்ளேயே அழுகிப் போய் அப்பா மறுபடியும் விதைத்தார். மக்காச்சோளம் பரவாயில்லை, ஆனால் காட்டுப்பன்றி விடமாட்டேன் என்கிறது. என்னுடைய பழைய சேலைகளை எல்லாம் எடுத்துப் போய்க் காட்டைச் சுற்றி வேலி மாதிரி கட்டி வைத்திருக்கிறார், ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் என் சேலையைப் பார்த்துக்கொண்டுதான் போகிறார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, டாக்டரிடம் வா என்றால் அறுவடை முடியட்டும் என்கிறார். சரி, இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். எழுத உட்கார்ந்த காரணம் வேறு.

போன வாரம் நீ போனில் எவ்வளவு சந்தோஷமாகப் பேசினாய். உங்கள் முகாமுக்குச் சூடானிலிருந்து ஓடிவந்த கூட்டத்தில் தொலைந்த பையனை இன்னொரு முகாமில் கண்டுபிடித்து அவன் தாயிடம் சேர்த்துவிட்டோம் என்று சொன்னாய். நான் நல்லது தாயி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன், ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாய், ஜலதோஷம் என்று பொய் சொன்னேன். தவமலர் எப்படி இருக்கிறாள் என்று கேட்டதற்கும் மகனோடு நன்றாக இருக்கிறாள் என்றேன். போனை வைத்ததும் அப்பா என்னைப் பார்த்து, "அவகிட்ட மறைச்சு என்ன செய்யப் போற? அவ செய்யுத வேலைக்கு இது தெரியணும். எழுதிரு" என்றார். அதனால் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு நீ உன்மேல் எந்தப் பழியும் போட்டுக்கொள்ளக் கூடாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். நம் ஊர் அகதி முகாமுக்குத் தவமலர் வந்தபோது நான் அங்கே பால்வாடி டீச்சர், நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். இடுப்பில் நிலானியை வைத்துக்கொண்டு பால்வாடி வாசலில் வந்து நின்றவள், பிள்ளையைச் சேர்க்க வந்திருக்கிறாள் என்று நான் நினைத்தால், உள்ளே இருக்கிற பிள்ளைகள் முகத்தை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். மறுநாளும் வந்து பார்த்தாள். பிறகுதான் சொன்னாள். கடைசிச் சண்டையில் முல்லைத்தீவுப் பக்கம் புருஷன் செத்துப் போனபிறகு, நெஞ்சளவு தண்ணீரில் கூட்டத்தோடு கூட்டமாக, களப்பு என்று அவர்கள் சொல்கிற கடலோர ஏரியைக் கடந்திருக்கிறாள். நிலானி தோளில், ஆறு வயதுக் கபிலன் ஒரு தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில். ஷெல் விழுந்து புகையும் கூச்சலும் அடங்கிப் பார்த்தபோது தோணியும் இல்லை, பையனும் இல்லை. கம்பிவேலி முகாம்களில் எல்லாம் தேடி அலைந்திருக்கிறாள். யாரோ ஒரு புண்ணியவான், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளைப் படகில் இந்தியாவுக்குக் கொண்டுபோனார்கள் என்று சொல்ல, அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நிலானியைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டி வந்தாள். இங்கே வந்தபிறகு திரும்பிப் போக வழியில்லை.

அதற்கப்புறம் அவள் நமக்கு யாரோ எவரோவாக இல்லையே. நான் பால்வாடிக்குப் போனால் அடுப்பு வேலை அவள் பார்ப்பாள், நிலானி உன் பாவாடையைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தாள். தாய்க்கு ஒரு பேச்சு, மகளுக்கு ஒரு பேச்சு என்று நாம் கேலி செய்வோமே, தவமலர் "ஓமக்கா" என்பாள், நிலானி நம்மைப் போலவே "வாரேன் பெரியம்மா" என்பாள். நீ இந்த வேலைக்குப் போன புதிதில் தவமலரிடம் உட்கார்ந்து கபிலனைப் பற்றி எல்லாம் கேட்டு, வவுனியாவில் உனக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்பினாய். அந்தப் பக்கத்தில் யோகம் என்று ஒரு அம்மாவும் அதே ஆட்களிடம் போய் நின்றிருக்கிறாள். அவள் பையன் அதே சண்டையில் போய்விட்டான். களப்புக் கரையில் அழுதுகொண்டு நின்ற கபிலனைத் தூக்கி, தன் செத்த பிள்ளையின் பெயரையே வைத்து, சுதன் என்று வளர்த்திருக்கிறாள். அவனுக்கு இப்போது கல்யாணம் பேசி முடித்ததும் அவள் மனம் கேட்கவில்லை. பெற்றவா எங்கேயாவது உயிரோடு இருந்தால் அவாதான் முன்னுக்கு நிற்கோணும் என்று சொல்லி அவளாகவே தேடியிருக்கிறாள். அவள் நினைத்திருந்தால் வாய் திறக்காமல் இருந்திருக்கலாம், செல்வி. இரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து, அவன் கபிலன்தான் என்று நீ போனில் அழுதுகொண்டே சொன்னாயே, அன்றைக்கு முகாமில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை, எல்லோரும் தவமலர் வீட்டு வாசலில்தான் இருந்தார்கள்.

தவமலர் இலங்கைக்குப் போவது என்று முடிவானதும்தான் கஷ்டம் தொடங்கியது. போய்விட்டால் முகாம் பதிவு ரத்தாகிவிடும், மறுபடி இங்கே தங்க வர முடியாது, விசா எடுத்து வரலாம், ஆனால் படகில் வந்தவளுக்கு அது கிடைக்குமா என்று ஆபீஸில் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. தவமலர் நிலானியையும் கூட்டிப் போகத்தான் நினைத்தாள். நிலானிக்குக் காலேஜில் இரண்டாம் வருடம், நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்த்தது எல்லாம் கோவில்பட்டியும் இந்தக் கரிசல்காடும்தான். அவள் தாயிடம் கோபப்படவே இல்லை. "எங்கூட இத்தனை வருசம் இருந்துட்டீங்க. அவன் அங்கன ஒத்தையில இருந்திருக்கான். போங்கம்மா, நான் பெரியம்மா வீட்டுல இருந்துக்கிடுதேன்" என்றாள். தவமலர் என் கையைப் பிடித்தாள். நான் தலையை ஆட்டினேன். ஆனி மாதம் அப்பாதான் மதுரை ஏர்போர்ட் வரைக்கும் கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தார். நிலானி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அன்றைக்குத் தனக்குப் பரீட்சை என்றாள். பரீட்சை எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். தவமலர் போய் இறங்கியபோது அந்தப் பையன் பூமாலையோடு நின்றிருக்கிறான். நல்ல பிள்ளை, மேசன் வேலை பார்க்கிறான், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. "வாங்கோ அம்மா" என்று கும்பிட்டிருக்கிறான். எந்த வயதான பொம்பளை வந்தாலும் அப்படித்தான் கூப்பிடுவான் என்பது அவளுக்கு இரண்டு நாளில் புரிந்துவிட்டது. அவன் மனதிலிருந்து அம்மா என்று வருவது யோகத்துக்கு மட்டும்தான், அதை அடுப்பங்கரையிலிருந்து கேட்டாலே தெரிந்துவிடும் அக்கா என்றாள். சின்ன வயதில் அவன் சீனி போட்ட பிட்டுக்கு உயிரை விடுவானாம், ஆசை ஆசையாக அவித்து வைத்திருக்கிறாள். ஒரு வாய் மரியாதைக்குச் சாப்பிட்டுவிட்டுத் தட்டை ஒதுக்கி வைத்தானாம். அவனுக்கு இனிப்பு ஆகாது என்று யோகம் மெதுவாகச் சொல்லியிருக்கிறாள். களப்பு, தோணி, தங்கச்சி, ஒன்றும் அவனுக்கு நினைவில்லை. இல்லை, நினைவில்லை என்று சொல்கிறான். ஷெல் சத்தம் மட்டும் நினைவிருக்கிறதாம்.

ஆவணியில் கல்யாணம். நானும் நிலானியும் நம் வீட்டில் உட்கார்ந்து வீடியோ காலில் பார்த்தோம், அங்கே பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி போனைப் பிடித்திருந்தாள். தவமலர் முன் வரிசையில், நான் எடுத்துக் கொடுத்த அரக்குச் சேலையில் இருந்தாள். ஐயர், மாப்பிள்ளையின் தாயை மணவறைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார். இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள், செல்வி. தவமலரும் யோகமும் ஒரே நேரத்தில். மண்டபத்தில் மேளம் மட்டும் அடிக்கிறது. பையன் தலையைக் குனிந்துகொண்டான். யோகம்தான் வந்து இவள் கையைப் பிடித்து இழுத்தாள், இதற்காகத்தானே உன்னைக் கூப்பிட்டேன் என்கிற மாதிரி. தவமலர் அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவளை மணவறைப் பக்கம் மெல்லத் தள்ளிவிட்டு, தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நிலானி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாள். தேய்த்து வைத்த பாத்திரத்தை மறுபடியும் தேய்த்தாள்.

அண்ணன்காரன் ஞாயிற்றுக்கிழமைகளில் நிலானிக்குப் போன் போடுகிறான். சாப்பிட்டீங்களோ என்று கேட்பான், இவள் சாப்பிட்டேன் என்பாள். அங்கே மழையோ என்பான், இவள் ஆமா என்பாள். அப்புறம் யார் முதலில் போனை வைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. தவமலர் யோகத்தின் வீட்டுக்குப் பின்னால் அவன் கட்டிக் கொடுத்த ஒரு ரூமில் இருக்கிறாள். யாரும் அவளை ஒரு சொல் சொல்வதில்லை, சாப்பாடு தண்ணிக்குக் குறைவில்லை. போன மாதம் பேசும்போது நான் ஆறுதலாக, எப்படியோ பிள்ளை கிடைத்துவிட்டானே தவம் என்றேன். அவள் சொன்னாள், "அக்கா, நான் தேடினது என்ர ஆறு வயசுப் பிள்ளையை. அவனை இன்னும் காணேல்லை."

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை தாயி. கபிலனைத் தேடியது தப்பு என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன், தவமலரும் சொல்லமாட்டாள், அவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமலே தான் செத்திருந்தால் அது இதைவிடக் கொடுமை என்று அவளே சொன்னாள். ஆனால் நீ பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற அன்றைக்கு எல்லோரும் அழுது, சிரித்து, போட்டோ எடுத்து, வண்டியில் ஏறி வந்துவிடுவீர்கள். முடிந்தால் கொஞ்ச நாள் கழித்து மறுபடி ஒரு நடை போய்ப் பார். அந்தப் பையன் தாயின் பக்கத்தில் தூங்குகிறானா, என்ன சாப்பிடுகிறான் என்று கேள். அதுவரைக்கும் அவனைப் பார்த்துக்கொண்டவள் யாராவது இருந்தால் அவள் வீட்டுக்கும் போ. அவளிடம் யாரும் போயிருக்க மாட்டார்கள். உன் ஆபீஸில் இதற்கெல்லாம் நேரம் கொடுப்பார்களோ என்னவோ, அம்மாவுக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

நிலானி இப்போது உன் கட்டிலில்தான் படுக்கிறாள், உன் புத்தகங்களை எல்லாம் தூசி தட்டி வைத்திருக்கிறாள். காலேஜ் விட்டு வந்து அப்பாவுக்குக் காலில் எண்ணெய் தேய்த்து விடுகிறாள், அப்பா அவளுக்கு மட்டும்தான் வலி இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறார். நேற்று சாயங்காலம் நான் அடுப்பில் வேலையாக இருந்தேன், அவள் பின்னால் வந்து நின்று, "அம்மா, காப்பி போடவா?" என்றாள். வாய் தவறி வரவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கூப்பிட்டாள். எத்தனை நாளாக யோசித்து வைத்திருந்தாளோ. எனக்கு அந்தப் பிள்ளையை அப்படியே இழுத்து மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் எனக்கு அந்த மண்டபமும் அந்த இரண்டு நாற்காலியும்தான் கண்ணில் வந்தது. பெரியம்மா என்றே கூப்பிடு தாயி, உங்க அம்மைக்கு அது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு என்றேன். அவள் சரி பெரியம்மா என்று சொல்லிவிட்டுக் காப்பியைப் போட்டாள். இரண்டு பேரும் குடிக்கவில்லை, ஆறிப் போய்விட்டது.

தவமலர் ஒரு முறையாவது இங்கே வந்து மகளைப் பார்த்துப் போக ஏதாவது வழி இருக்கிறதா என்று உனக்குத் தெரிந்தவர்களிடம் மறக்காமல் விசாரி. இல்லை என்றாலும் இல்லை என்று எனக்கு எழுது, நிலானியிடம் நேராகச் சொல்லாதே, நான் சொல்லிக்கொள்கிறேன். வெயிலில் தலையில் துணி போடாமல் போகாதே. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. நீயும் நீ பார்த்துக்கொள்கிற பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் கும்பிடாத நாள் இல்லை. நீ போன் போடுகிற நாளில் என் குரல் எப்படி இருந்தாலும் போட்டுக்கொண்டே இரு.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா
சோ. மீனாட்சியம்மாள்