வாஃபிளின் தட்டு

அன்புள்ள டெனீஸுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே டேட்டனில் எனக்கும் அம்மாவுக்கும் முழங்கால் வலியைத் தவிர மற்றபடி சுகம், அவ்வளவு தொலைவில் நியூசிலாந்தில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதே, காரணம் இருக்கிறது.

உன் அண்ணன் கீத் வீட்டு நாய் வாஃபிள் செத்துப்போனது உனக்குத் தெரியும். ஊர் உலகத்துக்கே தெரியும், அண்ணி பிரின்லிதான் வீடியோ போட்டாளே. வீடியோவில் இல்லாததை எழுதுகிறேன். அன்று காலை நான் போனபோது பேத்தி மெய்ஸி நாயைத் தேடி வீடெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தாள். நாலு வயதுக் குழந்தையை எவ்வளவு நேரம் அலைய விடுவது, மடியில் உட்கார வைத்து, வாஃபிள் செத்துப்போச்சு கண்ணு, இனிமே வராது என்று பக்குவமாகச் சொன்னேன். என் சட்டையில் முகத்தைப் புதைத்துச் சத்தமில்லாமல் அழுதாள். அந்த நேரம் பார்த்து பிரின்லி கையில் வீடியோ எடுக்கும் வட்ட விளக்கோடு உள்ளே வந்தாள். "முதல் அழுகையைக் கெடுத்துட்டீங்களே மாமா" என்றாள். பிறகு குழந்தையின் முகத்தைத் துடைத்து, மஞ்சள் கவுன் மாட்டி, ஜன்னலோரம் உட்கார வைத்து, "வாஃபிள் சாகலை, சரியா? உனக்கு ஒண்ணும் தெரியாது. அப்பா வந்து சொல்வாரு, அப்ப அழு" என்று சொல்லிக்கொடுத்தாள். கீத் வந்து சொன்னான். வெளிச்சம் சரியில்லை என்று பிரின்லி நிறுத்த, முதலிலிருந்து மறுபடியும் சொன்னான். தங்கமீன் செத்ததற்குக் கட்டிலுக்கடியில் ஒளிந்து அழுத பையன் இவன்.

அப்புறம் முகம் தெரியாதவர்களெல்லாம் மெழுகுவத்தி அனுப்பினார்கள். நாய்த்தீனி கம்பெனி ஒன்று, வாஃபிள் நினைவாக என்று பெரிய பெட்டி நிறையத் தீனி அனுப்பியது. செத்த நாய்க்குத் தீனி! அதைப் பிரிப்பதையும் வெட்கமில்லாமல் வீடியோ எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் சாப்பிடப் போயிருந்தோம். பின்வாசல் படியில் மெய்ஸி உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் வாஃபிளின் தட்டு, வழிய வழிய அந்தத் தீனி, எறும்பு மொய்த்துக் கிடந்தது. தினமும் வைக்கிறாளாம். என்னம்மா இது என்றேன். "வாஃபிள் சாகலைன்னு அம்மா சொன்னாங்க தாத்தா, நீங்கதான் தப்பா சொல்லிட்டீங்க" என்றாள். உன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கீத்தைத் தனியாக அழைத்து, ஃபோனை உள்ளே வைத்துவிட்டுப் போய்க் குழந்தையிடம் உண்மையைச் சொல்லடா என்றேன். பிரின்லியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான். இன்றுவரை சொல்லவில்லை, தட்டும் அங்கேயேதான் இருக்கிறது.

அந்த வீடியோவுக்குக் கீழே உன் பெயரையும் பார்த்தேன். ஹார்ட் போட்டு, எவ்வளவு க்யூட் என்று எழுதியிருக்கிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், இதில் உன்னால் எதையும் அழுத்திவிட்டு நகர்ந்துபோக முடியாது. என் பேச்சு எடுபடவில்லை, நீ சொன்னால் உன் அண்ணன் கேட்பான். கூப்பிட்டுச் சொல்.

குளிர் ஆரம்பிக்கும் என்றாயே, கம்பளி போட்டுக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. அம்மா உனக்கு முத்தம் அனுப்பச் சொன்னாள். எந்தக் குறையுமில்லாமல் நன்றாக இரு. அந்த ஹார்ட்டை முதலில் எடு.

உன் அப்பா,
வெர்னன்