ஏகமனதாகத் தூக்கிய ஏழு கைகள்

அனுப்புநர்:
வ. சிவனணைந்தபெருமாள்,
பலசரக்குக் கடை,
கடற்கரைச் சாலை, தூத்துக்குடி.

பெறுநர்:
மகா கனம் பொருந்திய ஜில்லா கலெக்டர் அவர்கள்,
திருநெல்வேலி.

பொருள்: துறைமுகக் கோப்பை கூடைப்பந்து இறுதிப் பந்தயத்தில், ஆட்டம் நடக்கும்போதே சட்டத்தை மாற்றி, வெல்லவிருந்த அணியைத் தோற்கடித்து, அதன் தலைவனுக்குச் சேரவேண்டிய ஆசனத்தைப் பறித்தது குறித்து.

கனம் பொருந்திய ஐயா,

இம்மனுவில் வரும் சங்கதியைத் தாங்கள் நம்பமாட்டீர்கள் என்று திருச்செந்தூர் முருகன் சாட்சியாக முதலிலேயே உறுதி கூறிக்கொள்கிறேன். எழுதுகிற எனக்கே நம்பிக்கை வரவில்லை.

1. தாங்கள் நியமித்த கடற்கரை ஆலோசனைச் சபையில் ஏழு ஆசனங்கள். இத்துறைமுகத்தில் வெள்ளைக்காரத் துரைமார் முப்பது பேர், அவர்களுக்கு ஆறு. சுமை தூக்கும் எங்கள் ஜனம் நாலாயிரம், அவர்களுக்கு ஒன்று. அதாவது ஒரு துரைக்கு எண்ணூறு கறுப்பு மனிதர் சமம். என் கடைத் தராசு சர்க்கார் முத்திரை போட்டது. எந்தத் துரையை ஏற்றினாலும் அதில் இந்த எடை நிற்காது. அந்த ஏழாவது ஆசனத்தில் இருக்கும் உள்ளூர்க்காரரின் யோக்கியதையைக் கடைசியில் எழுதுகிறேன்.

2. கோப்பையை வெல்லும் அணியின் தலைவருக்கு ஓராண்டு காலம் எட்டாவது ஆசனம் உண்டு என்று சட்டம் எழுதியவர்களும் துரைமார்களே. ஆறு வருஷமாக அவர்கள் கிளப் அணியே வென்றது. அதன் தலைவர் ஏற்கெனவே அந்த ஆறு பேரில் ஒருவர், எட்டாவது ஆசனம் காலியாகவே கிடந்தது. ஆகவே அச்சட்டம் யாருக்கும் உறுத்தவில்லை.

3. இந்த வருஷம் கரி இறக்கும் ஆட்களின் அணி இறுதிப் பந்தயத்துக்கு வந்துவிட்டது. தலைவன் என் உடன்பிறந்தாள் மகன் செந்தூர்பாண்டி. அவனுக்கு ஆசனம் வேண்டியிருந்தது ஒரே ஒரு காரியத்துக்கு. கரிமேடையில் குடிதண்ணீர்க் குழாய் கிடையாது. பங்குனி வெயிலில் கரித்தூளை விழுங்கிவிட்டு, உப்புக் காற்றில் நாக்கைத் துடைத்துக்கொள்கிறார்கள். நூறு கஜத்தில் கிளப் தோட்டத்துக் குரோட்டன்ஸ் செடிகள் காலையும் மாலையும் குழாயில் குளிக்கின்றன. சபையில் எழுந்து நின்று அதைக் கேட்கவேண்டும் என்பதுதான் அவன் ஆசை.

4. கிளப் அணியின் தலைவர் ஒன்பதடி உயரம். அவர் எறிய வேண்டியதில்லை. பந்தை வளையத்தில் வைத்துவிட்டுப் போவார். அந்த உயரத்தை எட்டி எங்கள் ஆட்களால் பந்தைப் பறிக்க முடியாது. பன்னிரண்டு நிமிஷம் மிச்சமிருக்கையில் எங்கள் பக்கம் இருபத்துநாலு, அவர்கள் பக்கம் இருபத்துமூன்று. அப்போது செந்தூர்பாண்டி தன் ஆட்களைக் கூட்டி, “ஏலே, இனிமே இது பந்து இல்ல, கரிக்கூடை. எறியாதீங்க, கைமாத்துங்க. கீழ வச்சவன் எல்லாருக்கும் காப்பி வாங்கித் தரணும்” என்றான். தோணியிலிருந்து கரைவரை கூடையைக் கைமாற்றுவது இவர்கள் பிழைப்பு. அடுத்தவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. அவன் கை இருக்கும் இடம் இவன் கைக்குத் தெரியும். எங்கள் அணியின் திரேஸ்புரத்துக் கிளாட்வின் பந்தை வாங்க, அவனிடமிருந்து எஸ்றா வாங்க, அது தரையைத் தொடவில்லை. ஏழாயிரம் கைமாற்று எண்ணினேன். துரைமார் ஓடி ஓடித் தக்காளிப் பழமானார்கள். வேலையற்ற வளையத்தில் காக்கை ஒன்று கூடு கட்டி, முட்டையும் இட்டது. “துரை, முட்டையாவது எடுத்துக்கிடுங்க!” என்று கூட்டத்தில் ஒரு பெண்பிள்ளை கூவினாள். வெளியே நங்கூரமிட்ட கப்பல்கள் சிரிப்புத் தாங்காமல் சங்கு ஊதின.

5. மூன்று நிமிஷம் இருக்கையில் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார்கள். கூடாரத்துக்குள் சபையின் அவசரக் கூட்டம். அங்கே நடந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று தாங்கள் இப்போது கேட்கவேண்டாம். ஒரு நிமிஷத்துக்கு மேல் எறியாமல் பந்தை வைத்திருக்கும் அணி தோற்றதாகும். இச்சட்டம் ஆட்டம் தொடங்கிய நேரம் முதலே அமலில் இருந்ததாகக் கருதப்படும். இதுவே தீர்மானம். நடவடிக்கைப் புத்தகத்தில் ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்று எழுதினார்கள்.

6. பிறகு அக்கோப்பையில் சாராயம் ஊற்றி, தாகத்தோடு நின்ற எங்கள் ஆட்களின் முன்னாலேயே சுற்றிச் சுற்றிக் குடித்தார்கள்.

7. ஐயா, ஒன்பதடியை ஆறாக்கிக்கொள்ளலாம். ஏழாயிரத்தில் சைபர்களைத் தங்கள் இஷ்டப்படி எடுத்துவிடலாம். காக்கையையும் கப்பல்களின் சிரிப்பையும் நானே வாபஸ் பெறுகிறேன். ஆனால் இம்மனுவில் எது பொய்யாக இருக்கவேண்டும் என்று நான் ஏங்குகிறேனோ, அந்தச் சின்ன விஷயம் உண்மை. ஏகமனதாகத்தான் நிறைவேறியது. அந்த ஏழாவது ஆசனம் என்னுடையது. மூன்று வருஷமாக அங்கே நான் செய்தது ஒன்றுதான்: ஆறு கை எழுந்தால் ஏழாவதாக என் கை எழும். அன்றும் யோசிக்குமுன் எழுந்துவிட்டது.

“மாமா, நீரும் கையத் தூக்குனீராக்கும்?” என்று செந்தூர்பாண்டி நேற்றுக் கேட்டான். “எவம்ல சொன்னது?” என்று அதட்டி அனுப்பிவிட்டேன்.

ஆகவே கனம் கலெக்டர் அவர்கள் அத்தீர்மானத்தை ரத்து செய்து, மிச்சமுள்ள மூன்று நிமிஷத்தை ஆடவிடவும், என்னை நீக்கி, அவ்வாசனத்துக்குச் சுமை தூக்குகிறவர்களே ஆளைத் தேர்ந்தெடுக்கவும் உத்தரவிடவேண்டும். இம்மனுவின் நகலைக் கரிமேடைச் சுவரில் ஒட்டச் செய்தால், நான் செந்தூர்பாண்டியின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டிய கஷ்டமும் தீரும்.

தூத்துக்குடி,
28-3-1946.

அதே கையால் ஒப்பமிடும்,
வ. சிவனணைந்தபெருமாள்,
இன்றுவரை சபை உறுப்பினர்.