வாளியில் இரண்டு நண்டுகள்

10-3-1961, வெள்ளி இரவு

நேற்று இவருடைய சிநேகிதர் பொங்கோல் கடற்கரையிலிருந்து உயிரோடு இரண்டு நண்டுகள் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளிக்கிழமை வீட்டில் கவுச்சி கிடையாது. சனிக்கிழமை ஆக்கலாம் என்று இரண்டையும் ஒரே வாளியில் போட்டேன். பாவமாக இருந்ததால் கொடுக்கில் கட்டியிருந்த கயிற்றையும் அவிழ்த்துவிட்டேன்.

இன்று சாயங்காலம் பார்த்தால், ஒன்று ஓட்டை உரித்திருக்கிறது. வெறும் ஓடு, முழு நண்டு போலவே கிடந்தது. உரித்துக்கொண்டு மெத்தென்று வெளியே வந்ததை மற்றது பாதி தின்றுவிட்டது.

தங்கை செல்வி வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜோகூரில் புருஷன் அடி தாங்காமல் போன வாரம்தான் இங்கே வந்தாள்.

"புது ஓடு கெட்டியாக எத்தனை நாளாகும்க்கா?"

"நாலஞ்சு நாளாகும். அதுவரைக்கும் எங்கயாவது ஒளிஞ்சிருக்கும்."

"வாளியில எங்க ஒளியறது?"



படுக்கும்போது இவர் மெல்லச் சொன்னார்: "செல்வி புருஷன் ஆபீசுக்கு வந்திருந்தான். நாளைக்கு மத்தியானம் சாப்பிட வரச் சொல்லிட்டேன். பேசித் தீர்த்து அவன்கூடவே அனுப்பிடலாம் லா."

சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. வாளியில் அந்த நண்டு பிறாண்டுகிற சத்தம் இங்கே கேட்கிறது.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் செல்வியைக் காத்தோங்கில் சின்னம்மா வீட்டில் விட்டுவிடுவேன். அவன் வரட்டும். நண்டுக் குழம்பு மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.