சுண்டு விரல் ஓரத்துத் தழும்பு

மஆன், ஜோர்டான்

அன்பு மகள் வத்ஹாவுக்கு உம்மா எழுதிக்கொள்வது, ஸலாம். நீயும் நாயிஃபும் என் பேரன் ராக்கானும் ஜெர்மனியில் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கையேந்துகிறேன். இங்கே எல்லோரும் இருக்கிறோம், சுகம் என்று எழுத மட்டும் கை வரவில்லை. மழை பெய்து ஆடுகளுக்குப் புல் கிடக்கிறது, உன் தங்கை ஜவ்ஹராவின் நிச்சயத்துக்கு உன் மாமியார் சாச்சி துணிகூட எடுத்துவிட்டாள். இந்த வீட்டில் போன் அடித்தால் பத்துக் காது வந்து நிற்கும், அதனால்தான் எழுதுகிறேன். தனியாக இருக்கும்போது படி.

உன் தம்பி ஃபவ்வாஸைத் தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பன்னிரண்டு வயதில் அவனுக்கு உன் வாப்பாவின் எடை. பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகைக்குச் சுவரைத் தடவித் தடவிப் போகிறான், தெருப் பையன்கள் "கோழி கூண்டுக்குப் போகுதுடா" என்று கத்துகிறார்கள். மாலைக்கண் என்று ஈரல் சுட்டுக் கொடுத்தேன், படிப்பு ஏறாததைப் பிடிவாதம் என்று அடித்தேன், உடம்பு பெருத்ததை என் கைப்பக்குவம் என்று பீற்றிக்கொண்டேன். அந்த டாக்டரம்மா முதலில் அவன் கையைத்தான் திருப்பிப் பார்த்தாள். சுண்டு விரல் ஓரத்தில் தழும்பு. "இது என்னம்மா?" என்றாள். ரொட்டிக் கல்லில் சுட்டுக்கொண்டான் என்று வாய் கூசாமல் சொன்னேன். அவள் மற்றக் கையையும் திருப்பி, "ரெண்டு கையிலயும் ஒரே இடத்துலயா சுட்டுக்கிட்டான்?" என்றாள். நான் அழுது உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவன் கைக்கு ஆறு விரலோடு பிறந்தான் மகளே. நம் குடும்பத்தில் அப்படிப் பிறந்தால் பட்டு நூலால் இறுக்கிக் கட்டிவிடுவோம், காய்ந்து விழுந்துவிடும், பெண்களுக்கு வரன் தட்டிப்போகும் என்று வெளியே மூச்சுவிட மாட்டோம். டாக்டரம்மா சொன்னாள், "ஆறாவது விரல் மட்டும்னா பெரும்பாலும் ஒண்ணுமில்ல. விரலு, எடை, கண்ணு, படிப்பு எல்லாம் சேர்ந்து வந்தா அது ஒரே நோய். தாய் தகப்பன் ரெண்டு பேர் ரத்தத்துலயும் ஒளிஞ்சிருந்து பிள்ளைக்கு வருது, சொந்தத்துக்குள்ள கட்டுற வீட்டுல அதிகம்." கண்ணைத் திருப்பித் தர முடியாதாம். ஆனால் கிட்னி பாதி கெட்டிருக்கிறது, "விரலை மறைக்காம இருந்தீங்கன்னா சின்ன வயசுலருந்தே கவனிச்சு வந்திருக்கலாமே" என்றாள்.

இனி எழுதப்போவதைத்தான் உன்னிடம் இதுவரை மறைத்தேன். உன் பிரசவத்துக்கு இங்கே வந்தாய் அல்லவா, ஆபரேஷன் முடிந்து நீ மயக்கத்தில் கிடந்தாய். நர்ஸ் ஹம்தா, நம் சொந்தக்காரிதானே, துணியில் சுற்றிய ராக்கானை என்னிடம் தந்து, "மோதிரம் போட அஞ்சு விரல் போதாதா அத்தை?" என்று சிரித்தாள். நூலை நானே கொடுத்தேன், அவள் கட்டினாள், பதிவேட்டிலும் எழுதவில்லை. நாற்பது நாளும் பிள்ளையை நீ குளிப்பாட்ட விடாமல் நானே குளிப்பாட்டி நானே சுற்றி வைத்தது பாசத்தால் மட்டும் இல்லை. இது என்ன காயம் என்று நீ கேட்டபோது நகக்கீறல் என்று சொன்னது பொய். இரண்டு கையிலும் பார், அரிசி அளவு தழும்பு இருக்கும். நீயும் நாயிஃபும் அண்ணன் தம்பி மக்கள். போன வாரம் நீ அனுப்பிய படத்தில் பிள்ளை கொழுகொழு என்று இருந்தான், எல்லோரும் மாஷா அல்லாஹ் என்றார்கள், எனக்கு அந்த வயது ஃபவ்வாஸ்தான் தெரிந்தான்.

உன் வாப்பா, "வாய மூடிக்கிட்டு இரு, ஜவ்ஹராவ எவன் கட்டுவான்?" என்கிறார். கட்டாவிட்டால் போகட்டும். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், அல்லாஹ் அப்படியே ஆக்கட்டும், ஆனால் கிட்னியையும் கண்ணையும் பார்க்கச் சொல், ஃபவ்வாஸின் நோயைச் சொல், மறைத்தது என் உம்மா என்று என் பெயரைச் சொல்லியே சொல். அல்லாஹ் உன் மடியைக் காக்கட்டும். என்மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் சரி, என்னை ஏசுவதற்கு முன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போ.

உன் உம்மா
துர்ஃபா