என் அப்பாவுக்கு நீங்கள் வைத்த கைநாட்டு

அக்கா,

உங்கள் கருமாதிச் சாப்பாட்டில் மூன்றாவது தடவை பாயசம் கேட்ட ஆள் நான்தான். அது பெரிய குற்றமில்லை. பரிமாறிக்கொண்டிருந்த உங்கள் மகன், "அங்கிள், நீங்க அம்மாவுக்கு எப்படிச் சொந்தம்?" என்று மரியாதையாகக் கேட்டான். ரப்பர்த் தோட்டத்து லயத்து வரிசையில் உங்கள் பக்கத்து வீட்டிலிருந்த நான், தோட்டத்தை விட்டுப் போனபோது அவன் தொட்டிலில் கிடந்தவன். என்னை அவனுக்கு எப்படித் தெரியும்? வாயில் இருந்த சேமியாவை விழுங்கிவிட்டு, "சொந்தமெல்லாம் இல்ல தம்பி, ஆபீஸ் பழக்கம்" என்றேன். சொல்லிவிட்டு டம்ளரை நீட்டினேன் பாருங்கள், அதுதான் குற்றம்.

இன்று காலை, நான் மொழிபெயர்ப்பாளனாக இருக்கும் நில அலுவலகத்தில் புது மைப்பெட்டி ஒன்றைத் திறந்தேன். அந்த ஊதா மையின் வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் கட்டைவிரல் ஞாபகம் வந்துவிட்டது. பால்மரம் வெட்டி வெட்டிக் காய்த்த விரல். ரேகையே பதியாமல் மூன்று முறை அழுத்த வேண்டியிருந்தது. அழுத்திப் பிடித்தவன் நான்.

எழுபதுகளின் கடைசியில் நம் தோட்டம் கைமாறியது. மரங்களைத் தள்ளிவிட்டு வரிசை வீடுகள் கட்டப் போகிறார்கள் என்றார்கள். ஆற்றோரத்து இடுகாட்டில் அடக்கம் செய்வது எப்போதோ நின்று, லாலான் புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. வாரிசுகள் மூன்று மாதத்துக்குள் அலுவலகத்துக்கு வந்து உறுதிமொழி கொடுத்தால் எலும்புகளைத் தனியாக எடுத்து, புது மயானத்தில் தனிக்குழியும் பெயர்க்கல்லும் தருவார்கள். யாரும் கேட்காதவர்கள் எல்லாரும் ஒரே குழியில். இந்த அறிவிப்பை மலாயிலிருந்து தமிழில் பெயர்த்து எழுதியவனும் நான்தான் அக்கா. ஓர் எழுத்துப் பிழை கிடையாது. ஆனால் எனக்கு மட்டும் அதன் பொருள் விளங்கவில்லை.

காரணம் உங்களுக்குத் தெரியும். என் அப்பா பினாங்கு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரெசர் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். சும்மா சொன்னதோடு விட்டேனா? காண்டீனில் யாராவது வயிற்றைப் பிடித்தால், "எங்கப்பா இதுக்கு ஒரு மருந்து சொல்வார்" என்று ஆரம்பித்துவிடுவேன். மூலத்துக்கு மருந்து கேட்டு ஒருவர் தனியாக வந்து நின்றதும் உண்டு. என் அப்பாவோ புல்வெட்டுக்காரர். கள்ளுக்கடை வாசலில் பாடி, கள்ளுக்கடை வாசல் சாக்கடையில் விழுந்து செத்து, அந்த இடுகாட்டில் கிடந்தவர். முனியாண்டி என்ற அவர் பெயர் தோட்டத்துக்கு நாலு பேருக்கு இருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. டிரெசருக்கு அந்தப் பெயர் இருக்கக் கூடாது என்று சட்டமா என்ன?

திகாம் பத்துவிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, சலவைப் புடவையில் வந்தீர்கள். அதே இடுகாட்டில் கிடந்த உங்கள் கணவருக்கான தாள் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. எழுந்திருப்பீர்கள் என்று பார்த்தேன். எழவில்லை. அதிகாரி மலாய்க்காரர், தாளிலிருந்து கண் எடுக்காமல் காத்திருந்தார். அவர் எதிரிலேயே என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்.

"நீ எப்படா எழுதப் போற?"

மொழிபெயர்ப்பாளன் முகத்தை மாற்றக் கூடாது. விவரம் விசாரிக்கிற பாவனையில், "அக்கா, இங்க வேணாம். எல்லார்கிட்டயும் வேற மாதிரி சொல்லி வெச்சிருக்கேன். பேரு கெட்டுடும்" என்றேன்.

"உன் பேருக்குப் பின்னாடி அவரு பேருதானேடா தொங்குது. அப்ப அவரு கூட்டுக்குழிக்கா போகணும்?"

"செத்தவருக்கு என்னக்கா தெரியப் போவுது."

"அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்லா."

நாற்காலியை மேசைக்கு இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள். பிறகு, "சரி, எழுதச் சொல்லு. முனியாண்டி. எனக்கு அப்பா" என்றீர்கள்.

நான் மலாயில் சொன்னேன். அதிகாரி உங்கள் அடையாள அட்டையைப் புரட்டி, இதில் வேறு தகப்பன் பெயர் இருக்கிறதே என்றார். நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே, "வளர்ப்புத் தந்தை, துவான்" என்று நான் சொன்னேன். வாழ்நாளில் நான் அவ்வளவு வேகமாக மொழிபெயர்த்ததில்லை, அதுவும் யாரும் சொல்லாத ஒன்றை. அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். நீங்கள் கைநாட்டு வைத்தீர்கள். கீழே, 'சரியாக மொழிபெயர்க்கப்பட்டது' என்ற வரிக்குப் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். என் அப்பாவுக்காக நான் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான்.

தோண்டிய நாளில் பட்டியலில் குறி போட என்னையே அனுப்பினார்கள். ஓலைத்தொப்பி, கையில் கோப்பு, துரை மாதிரி நின்றேன். அப்பாவின் குழியை நீங்கள்தான் காட்டினீர்கள்; எனக்கு இடம் மறந்திருந்தது. இரண்டு சட்டைப் பொத்தான்களும் எலும்புகளும் ஒரு பலகைப் பெட்டிக்குள் அடங்கிவிட்டன. "ஒரு பக்கம் பிடிடா" என்றீர்கள். கோப்பைத் தூக்கிக் காட்டினேன், கை காலியில்லை என்று. அதில் மொத்தம் நான்கு தாள்.

நீங்கள் திட்டவில்லை. பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "வாங்க மாமா, இன்னைக்காவது விழாம நேரா போவோம்" என்றீர்கள். குழி வெட்டியவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கள்ளுக்கடையிலிருந்து அவரை எத்தனை சாயங்காலம் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டவர் நீங்கள் என்பது அங்கே என் ஒருவனுக்குத்தான் தெரியும். நான் அப்போதெல்லாம் பின்கதவு வழியாக ஓடிவிடுவேன்.

இப்போது புது மயானத்துக் கல்லில் அப்பா பெயர் இருக்கிறது, அதன் கீழே வாரிசு என்று உங்கள் பெயர். ஒவ்வொரு வருஷமும் நீங்கள் சூடம் கொளுத்திவிட்டுப் போன மறுநாள், ஆள் இல்லாத வேளையாகப் பார்த்துப் போவேன். நீங்கள் புல்லைப் பிடுங்கியிருப்பீர்கள். எனக்கு வேலை வைத்ததே இல்லை. நீங்களும் போய்ச் சேர்ந்த பிறகு இந்த வருஷம் போனேன். புல் வளர்ந்திருந்தது. கொஞ்சம் பிடுங்கினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது.

நாளைக்கு அந்த நிலமும் யாருக்காவது வேண்டியிருந்தால் அறிவிப்பு உங்கள் மகன் வீட்டுக்குத்தான் போகும். யார் இந்த முனியாண்டி என்று அவன் விழிப்பான். போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நாலு தடவை பாக்கார் ஆராங்கில் அவன் தெருமுனை வரை மோட்டார் சைக்கிளை ஓட்டிப் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். அவனிடம் சொன்னால் ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிந்தால் ஆபீஸுக்குத் தெரியும். இந்த வயதிலும் அந்த டிரெசரைச் சாகவிட எனக்கு மனம் வரவில்லை அக்கா. உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வேறு யாரிடம் சொல்வது?

போன வெள்ளிக்கிழமை அந்த அதிகாரிக்கு ஓய்வு விருந்து. தேநீரும் பலகாரமும் முடிந்ததும் என் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். இத்தனை வருஷத்தில் என்னிடம் மலாய் தவிர வேறு எதுவும் பேசாத மனிதர், நம் லயத்துத் தமிழில் சொன்னார்: "நான் பொறந்து வளந்தது தோட்டத்துல. எங்கப்பா அங்க லாரி டிரைவர். அன்னைக்கு ஒங்க அக்கா பேசினது பூரா எனக்கு விளங்கிச்சு. தமிழ் தெரியும்னு சொன்னா ஒங்களுக்கு வேல இல்லாமப் போயிரும்லா, அதான் பேசாம இருந்தேன்."