சீமாட்டியும் டீக் குல்லாவும்

ரெடிச்,
மார்ச், ஞாயிறு மதியம்

அன்புள்ள டெரிக்குக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம். கடிதத்தின் தலையில் பழக்கத்துக்கு எழுதுகிற நலம் இல்லை இது, நிஜமாகவே நலம், அதனால் பதறாமல் உட்கார்ந்து படி. நீயும் ஜோசலினும் குழந்தை டோபியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நியூசிலாந்தில் இப்போது கோடை முடிகிற நேரம், டோபி கடலில் குளித்துவிட்டு வந்தால் காதை நன்றாகத் துடைத்துவிடச் சொல், உனக்கு அந்த வயதில் காதுவலி வந்து நான் பட்ட பாடு போதும். நீ அனுப்பிய தேன் ஒழுகாமல் வந்து சேர்ந்தது, அப்பா ரொட்டிக்குத் தேன் தடவுகிறாரா தேனுக்கு ரொட்டி தொட்டுக்கொள்கிறாரா என்று சொல்ல முடியவில்லை. பக்கத்து வீட்டு மிஸஸ் பில்லிங் புதுப் பல் கட்டிக்கொண்டாள், அதிலிருந்து சிரிக்க வேண்டாத விஷயத்துக்கெல்லாம் சிரிக்கிறாள். இங்கே இன்னும் குளிர் விடவில்லை.

இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன், அப்பாவின் மோட்டார் சைக்கிள் சீமாட்டி என்ன ஆனாள் என்று. கிறிஸ்துமஸ் அன்று போனில் நீ போட்ட நிபந்தனை எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது, "அம்மா, அவர் கையாலயே அந்த இன்ஜினப் பூட்டி முடிச்சா வச்சிக்கட்டும், முடியலன்னா ஈஸ்டருக்குள்ள டான்ஸ்லிக்குக் குடுத்துடணும், அதுக்கு மேல பேச்சே கிடையாது" என்றாய். பழைய மோட்டார் சைக்கிள் சங்கத்துக்குச் செயலாளராக இருக்கிற டான்ஸ்லி நம் சீமாட்டி மேல் எத்தனை வருடமாகக் கண் வைத்திருக்கிறார் என்று உனக்குத் தெரியும். அப்பா ரிசீவரை வாங்கி "சரிடா, பாத்துக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, நீ அப்படிச் சொன்னபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அக்டோபரில் அவர் அந்த வண்டிக்குப் பக்கத்தில்தான் கீழே கிடந்தார், வாய் ஒரு பக்கம் கோணிப்போய், என் பெயரைக்கூடச் சரியாகச் சொல்ல முடியாமல். அன்றிலிருந்து ஷெட் பக்கம் போனாலே முதலில் தரையைத்தான் பார்ப்பேன். டாக்டர் என்னவோ இனி வண்டி ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார், பெரிய வேலைக்கு வலது கை பழையபடி வந்துவிட்டது, ஆனால் சட்டைப் பொத்தானை இன்றைக்கும் நான்தான் போட்டுவிடுகிறேன். பொத்தான் போட முடியாதவர் பிஸ்டனுக்கு ரிங் போடவா போகிறார், தானாகக் கைவிட்டுவிடுவார், நானும் கெட்ட பேர் வாங்க வேண்டாம் நீயும் வாங்க வேண்டாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ஆனால் ஜனவரியில் ஒரு காலை எழுந்து வந்து பார்க்கிறேன், பக்கத்தில் ஆள் உட்காருகிற சைடுகாரைக் கழற்றிவிட்டு வண்டியை மட்டும் பின்வாசல் வழியாக உருட்டிக்கொண்டு வந்து என் சமையலறை நடுவில் நிறுத்தியிருக்கிறார். பழைய கம்பளத்தைக் கீழே விரித்திருந்தார், அந்த மட்டில் புத்தி இருந்தது. "என்ன சிரில் இது" என்றேன். "ஷெட்ல குளிருது எனிட், எனக்கு மறுபடி ஏதாவது ஆயிடுச்சுன்னா நீதானே அழுவே" என்றார். அதற்குப் பிறகு சமைத்தது, சாப்பிட்டது, துணி மடித்தது எல்லாம் சீமாட்டியைச் சுற்றித்தான். பெட்ரோல் டாங்கைக் கழற்றினார், கார்புரேட்டரைக் கழற்றினார், ஹெட்டைத் திறந்தார். போன கோடையில் அவள் நீலப் புகை விட்டுக்கொண்டு மேட்டில் ஏற மறுத்தது ஏன் என்று அப்போது தெரிந்தது, உள்ளே அவ்வளவு கரி, ரிங் எல்லாம் தேய்ந்து தொளதொளத்துப் போயிருந்தது. மரக்குச்சியைச் சீவிக் கரியைச் சுரண்டினார். வால்வு உட்காரும் இடத்தில் பசையைத் தடவி, ரப்பர் ஒட்டிய குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து வெண்ணெய் கடைவது மாதிரி உருட்டிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி என்று ஒரு பந்து கொடுத்தார்களே, அதை நம் நாய்தான் அழுத்திக்கொண்டிருந்தது, அப்பா தொட்டதே இல்லை. இந்தக் குச்சியை மட்டும் கீழே வைக்க மாட்டேன் என்றார். நான் உதவிக்குப் போனால் "கிட்ட வராதே, உன் மகன் வச்சிருக்கிற பரீட்சை, காப்பியடிக்கக் கூடாது" என்று விரட்டுவார். புது ரிங்கில் ஒன்றை உடைத்தார், கெட்ட வார்த்தை சொன்னார், அடுத்ததைச் சரியாகப் போட்டார். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

போன மாதக் கடைசியில் பிஸ்டனை மாட்டுகிற நாள் வந்தது. பிஸ்டன் சூடாக இருந்தால்தான் அதைப் பிணைக்கிற இரும்பு ஆணி உள்ளே வழுக்கிக்கொண்டு போகுமாம், என் பால் சட்டியில் தண்ணீர் ஊற்றி பிஸ்டனைப் போட்டுக் கொதிக்க வைத்துவிட்டார், கேட்டால் முட்டை மாதிரிதானே என்கிறார். ஆணி போனதும் அது நழுவி வெளியே வராமல் இரண்டு பக்கமும் ஒரு சின்னக் கம்பி வளையம் மாட்ட வேண்டும், லாக் என்பார்கள், விரல் நகம் அளவுதான் இருக்கும், ஆனால் ஸ்பிரிங் மாதிரி துள்ளும். அது தவறி உள்ளே விழுந்துவிடாமல் இன்ஜினின் வாயைத் துணியால் அடைக்க வேண்டும் என்பது சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். நல்ல துணி எடுத்து வருகிறேன் இரு என்று நான் மாடிக்குப் போனேன். நான் இறங்கி வருவதற்குள் பொறுமை இல்லை. பிஸ்டன் ஆறிவிடும் என்று அவசரப்பட்டு மேசை மேல் கையில் அகப்பட்டதை எடுத்துத் திணித்துவிட்டார். கையில் அகப்பட்டது என்ன தெரியுமா, உன் வின்னி சித்தி டீ கெட்டில் ஆறாமல் இருக்கப் பின்னிக் கொடுத்தாளே, அந்தக் கம்பளிக் குல்லா. இந்த நாட்டில் சமையலறை மேசையில் வேறு என்ன கிடக்கும். முதல் லாக் போய் உட்கார்ந்தது. இரண்டாவதை அழுத்தும்போது கட்டைவிரல் வழுக்கி டிங் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், ஆளைக் காணோம்.

இருவரும் மண்டி போட்டுத் தேடினோம். காந்தம் கட்டிய குச்சியை அடுப்புக்கு அடியில் விட்டுத் துழாவினோம், அப்பாவின் கால்சட்டை மடிப்பைப் பிரித்துப் பார்த்தோம், நாயைப் பிடித்துச் சீப்பால் வாரினோம். கிடைத்ததெல்லாம் ஒரு பொத்தானும் போன வருடம் நீங்கள் வந்தபோது டோபி தொலைத்துவிட்டு அழுதானே அந்த மரக் குதிரையின் காலும்தான், காலை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். கடைசியில் அப்பா குல்லாவை வெளியே உருவி உதறினார், எதுவும் விழவில்லை. அதை விரித்துப் பார்த்தவர் முகம் வெளுத்துவிட்டது. "எனிட், இதுல ரெண்டு ஓட்டை இருக்கு" என்றார். கெட்டிலுக்கு மூக்கும் கைப்பிடியும் இருந்தால் குல்லாவில் ஓட்டை இருக்கத்தானே செய்யும் என்றேன், சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது. லாக்குக்குப் பஞ்சமில்லை, டப்பாவில் புதிது வைத்திருக்கிறார். தொலைந்தது அந்த மூக்கு ஓட்டை வழியாக இன்ஜினுக்குள் போயிருந்தால்தான் ஆபத்து, ஓடும்போது எங்காவது சிக்கி மொத்தத்தையும் உடைத்துவிடும். எடுக்க வேண்டுமானால் இன்ஜினையே இறக்கி இரண்டாகப் பிளக்க வேண்டும், அது இப்போது அவர் கையால் ஆகிற காரியம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து கையிலிருந்த எண்ணெயைத் துடைத்தார். பிறகு "முடிஞ்சுது எனிட், டான்ஸ்லிக்கு போன் பண்ணிடு" என்றார். நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை டெரிக், எழுந்து போய் உடனே பண்ணினேன்.

மறுநாள் மதியம் டான்ஸ்லி வந்தார், மனைவி செய்த கேக்கும் கையுமாக, இன்னொரு கையில் அளவு நாடா. வந்ததும் வாசல் அகலத்தை அளந்தார். "கவலப்படாதே சிரில், எங்கிட்ட இருந்தா உங்கிட்ட இருக்கிற மாதிரிதான், எப்ப வேணா வந்து பாரு" என்றார், அப்பா ஆமாம் ஆமாம் என்றார். நான் டீ போட்டேன். எண்ணெய் நாற்றம் அடிக்கிறதே என்றுகூட யோசிக்காமல் பழக்க தோஷத்தில் அந்தக் குல்லாவையே கெட்டில் மேல் மாட்டி, அதைப் பிடித்துக்கொண்டு ஊற்றினேன். கட்டைவிரலில் சுருக்கென்று ஏதோ குத்தியது. பார்த்தால் லாக். மூக்கு ஓட்டைக்கு ஒரு விரல் இந்தப் பக்கம், நூலில் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு இருக்கிறது, எத்தனை உதறினாலும் விழுந்திருக்காது. இருவரும் பார்க்கவில்லை. நான் அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன்.

மூடிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். இதை அடுப்பில் போட்டுவிட்டால் சீமாட்டி இன்றே வாசலைத் தாண்டிவிடுவாள், இனி ஷெட் பக்கம் போகும்போது நான் தரையைப் பார்க்க வேண்டாம், உனக்கும் தூக்கம் வரும் என்று நினைத்தேன். அப்பா இதற்குள் உதிரிப் பாகங்கள் இருந்த டப்பாவை எடுத்து வந்து, இது இதற்கு அது அதற்கு என்று ஒவ்வொன்றாக டான்ஸ்லியிடம் கொடுத்தார். "குளிர் காலத்துல மொதல்லயே வேகமா உதைக்காதே, ரெண்டு தடவ மெதுவா அழுத்தி எடுத்துட்டு அப்புறம் உதை, அவளுக்கு அதான் புடிக்கும்" என்றார். எல்லாம் கொடுத்து முடித்ததும் வலது கையை மேசைக்கு அடியில் மறைத்து வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் யாராவது பார்க்க வந்தால் போர்வைக்குள் வைத்துக்கொள்வாரே, அதே மாதிரி. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இன்ஜினைத் திறந்த நாளிலிருந்து அந்தக் கை ஒரு தடவையும் மறைந்து உட்காரவில்லை, நான்தான் கவனிக்கவில்லை. என்னால் தாங்க முடியவில்லை டெரிக். எட்டி அவர் சாஸரில் லாக்கைப் போட்டு, "சிரில், சர்க்கரை போதுமா பாரு" என்றேன்.

அப்பா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குல்லாவைப் பார்த்தார். டான்ஸ்லிதான் முதலில் வாயைத் திறந்தார், "அடப்பாவி, வாசல வேற அளந்து தொலச்சேனே" என்று. அதற்குப் பிறகு அப்பா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அது சிரிப்பு மட்டும்தானா என்று நான் கேட்கவில்லை. டான்ஸ்லி நல்ல மனிதர்தான், வாங்கிய உதிரிகளையெல்லாம் ஒன்று விடாமல் திருப்பி டப்பாவில் வைத்தார், லாக்கை நான் மாட்டித் தரவா என்றும் கேட்டார். "தொடாதே, டெரிக் காதுக்குப் போயிடும்" என்றார் அப்பா. துள்ளி விழுந்ததைத் திரும்பப் போடக் கூடாதாம், டப்பாவிலிருந்து புதிது எடுத்தார். இன்ஜின் வாய்க்கு இந்த முறை என் நல்ல தலையணை உறை, போகட்டும். சின்ன வயதில் நீ எழுதும்போது நாக்கைத் துருத்துவாயே, அது யாரிடமிருந்து வந்தது என்று அன்றைக்குப் பார்த்தேன். வழுக்கியது, மறுபடி வைத்தார், மறுபடி வழுக்கியது, கடைசியில் க்ளிக் என்று போய் உட்கார்ந்தது. நானும் டான்ஸ்லியும் மூச்சு விட்டது ஒரே நேரத்தில்தான். மீதி வேலை அந்த வாரத்தில் முடிந்தது, சிலிண்டரை இறக்கினார், ஹெட்டை முறுக்கினார், எல்லாம் அவரே.

நேற்று சனிக்கிழமை டான்ஸ்லியின் உதவியோடு சைடுகாரை மாட்டித் தெருவில் நிறுத்தினோம். மிஸஸ் பில்லிங் புதுப் பல்லோடு வாசலில் வந்து நின்றாள். அப்பா கிக்கரில் காலை வைத்து உதைத்தார், சீமாட்டி பெருமூச்சு விட்டதோடு சரி. மறுபடி உதைத்தார், வலது கால் பாதியிலேயே நின்றுவிட்டது. கையைப் பற்றித்தான் நீயும் நானும் டாக்டரும் பேசிக்கொண்டிருந்தோம், காலைப் பற்றி ஒருவருக்கும் நினைப்பே வரவில்லை பார். அவர் அப்படியே நின்றார், மிஸஸ் பில்லிங்கூடச் சிரிக்கவில்லை. டான்ஸ்லி ஒரு அடி முன்னால் வந்தார். அப்பா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "எனிட், உன் வலது கால் எப்படி இருக்கு" என்றார். கல்யாணமான புதிதில் நான் அவளை உதைத்துக் கிளப்பியிருக்கிறேன், ஆனால் அது நீ பிறப்பதற்கு முன்னால். ஏப்ரனும் ரப்பர் பூட்ஸுமாக வலது பக்கம் போய் நின்றேன். அவர் சைடுகாரில் நின்று எட்டி, உதையை லேசாக்குகிற வால்வு லிவரைப் பிடித்துக்கொண்டு, "பலமா வேணாம், நான் விடும்போது உதை" என்றார். அவர் விட்டார், நான் உதைத்தேன். ஒரு தும்மல் போட்டாள், பிறகு பிடித்துக்கொண்டாள் டெரிக், டம் டம் டம் என்று, நம் ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது, பின்னால் நீலப் புகை ஒரு இழைகூட இல்லை. நான் தெருவில் நின்று எல்லார் முன்னாலும் அழுதேன், வெட்கப்படவும் இல்லை.

ஆகவே உன் நிபந்தனைப்படி சீமாட்டி நம்மிடம்தான் இருப்பாள். நீ பயப்பட வேண்டாம், நானும் பயப்படவில்லை, ஏன் என்று சொல்கிறேன். என் கால் இல்லாமல் அவளால் தெரு முனைக்குக்கூடப் போக முடியாது. உதைத்துவிட்டு நான் வீட்டுக்குள் போய்விட மாட்டேன், கம்பளியைப் போர்த்திக்கொண்டு சைடுகாரில் ஏறி உட்கார்ந்துவிடுவேன். எங்கே போகிறாய் சிரில் என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறேன், ஒரு நாளும் ஒழுங்கான பதில் வந்ததில்லை, இனி என்னைக் கேட்காமல் அவர் புறப்பட முடியாது. டான்ஸ்லி சங்கத்தின் ஈஸ்டர் ஊர்வலத்துக்கு இருவருமாகப் போகிறோம்.

கடவுள் உங்கள் மூவரையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும், வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, ஜோசலினுக்கு என் அன்பு. குதிரைக் காலை மறக்காமல் ஒட்டிக் கொடு, டோபியின் பாத அளவைக் காகிதத்தில் வரைந்து அனுப்பு, காலுறை பின்ன வேண்டும். குல்லாவை இரண்டு முறை துவைத்துவிட்டேன், டீயில் இன்னும் எண்ணெய் வாசம்தான். கீழே அப்பா ஏதோ எழுத வேண்டுமாம், அக்டோபருக்குப் பிறகு பேனா பிடிப்பது இதுதான் முதல் தடவை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அம்மா
எனிட்

டெரிக், பரீட்சை பாஸ். கை என்னுடையது, கால் உன் அம்மாவுடையது. — அப்பா