கைக்கு எட்டாத குமிழ்

பிப்ரவரி 9, திங்கள்

அக்கா லேத்தில் மரம் கடைகிறாள். நான் கடைக்குப் போய்ப் பால் வாங்குகிறேன். ஆக, வீட்டில் இரண்டு கடைக்காரர்கள். சொன்னதும் மரச்சீவலை அள்ளி என் சட்டைக்குள் போட்டாள்.

முதியோர் இல்லத்தின் எல்லாக் கதவுகளுக்கும் திருகித் திறக்கிற மரக் குமிழ் வேண்டுமாம். முதலில் மாதிரிக்கு ஒன்று. இந்த வேலை கிடைக்காவிட்டால் லேத் பட்டறையை மூடிவிட்டுப் பழைய அலுவலகத்துக்கே திரும்புவதாக அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

உளியை வைத்தாள். கட்டை முனகியது, பிறகு பாடியது, பிறகு பேச்சே இல்லை. உப்புத்தாள், மெழுகு. குமிழில் என் மூக்கு தெரிந்தது. அசந்துபோனேன். “சுமார்” என்றேன்.

பிப்ரவரி 12

திரும்பி வந்துவிட்டது. அழகுதானாம், ஆனால் பெரியவர்கள் கையில் வழுக்குகிறதாம். அக்கா கைக்கு லேசாகத் திரும்புகிறது. திரும்பாதா பின்னே? நாள் முழுக்க உளி பிடிக்கிற மணிக்கட்டு.

“பிடிகொடுக்காத குமிழ்” என்றேன். சிரிக்கவில்லை. எனக்கு எதுக்கு இந்த வாய்.

பிப்ரவரி 13

அந்தக் குமிழைக் குளியலறைக் கதவில் மாட்டிவிட்டு, விரல்களைச் சேர்த்துத் துணிநாடாவால் கட்டிக்கொண்டு திரிகிறாள். உள்ளே போனவளால் வெளியே வர முடியவில்லை. வேறு நாளாக இருந்தால் ஒரு பாட்டாவது பாடவைத்துத்தான் திறந்திருப்பேன். ஓடிப்போய்த் திறந்தேன்.

“என் கைக்குக் கடைஞ்சிருக்கேன்டா” என்றாள். “அவங்க கைய நினைக்கவே இல்ல.”

பிப்ரவரி 15

லேத்துக்கு வட்டத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று நினைத்திருந்தேன். கட்டையை நடுவில் பூட்டாமல் ஒரு பக்கம் தள்ளிப் பூட்டினாள். அது பேய் பிடித்த மாதிரி ஆடியது. நான் கதவுக்குப் பின்னால். சுற்றும்போது ஓரம் வெறும் நிழலாகத்தான் தெரிகிறது — அந்த நிழலைப் போய்த் தொட்டும் தொடாமலும் சீவுகிறாள். பிறகு மறுபக்கம் தள்ளிப் பூட்டி, மறுபடியும். நிறுத்தியபோது, லேசாக நசுக்கிய முட்டை மாதிரி ஒரு குமிழ். மெழுகு தேய்க்கவில்லை.

அதைக் கதவில் மாட்டி, என் விரல்களையும் கட்டிவிட்டாள். உள்ளங்கையால் அழுத்தித் திருகினேன் — திரும்பிவிட்டது. கிண்டல் ஒன்றுகூட வாயில் வரவில்லை. எனக்கு என்ன ஆச்சு?

பிப்ரவரி 18

புதுக் குமிழை அனுப்பியாயிற்று, இல்லத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. பெருக்கிய பட்டறையையே மறுபடி பெருக்குகிறாள்.

மார்ச் 21

இல்லத்தில் எல்லாக் கதவுக்கும் அக்காவின் குமிழ்தான்; இன்று கடைசி அறை. ஸ்க்ரூ முடுக்கியது நான். அந்த அறைத் தாத்தாவின் விரல்கள் மடங்கியே இருந்தன. கிளம்பும்போது கதவைச் சாத்தப் போனேன்.

“விடுப்பா, நானே சாத்திக்கிறேன்.”

சாத்தினார். திறந்தார். எங்களை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி சாத்திக்கொண்டார். வராந்தா முனை வரைக்கும் அந்தக் கதவுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அக்கா மெதுவாகத்தான் நடந்தாள்.